தளபதி லோவின் உடன்பிறந்தவள்

தளபதி லோ யுன்ஷெங் நாற்பத்தாறாம் பாகத்தில், பின்கட்டாகக் கட்டின கையோடு, கொட்டுகிற பனியில் முழங்கால் போட்டபடி தலை வெட்டுப்பட்டுச் செத்துப்போன புதன்கிழமை மத்தியானம், சங்கரன்கோவில் நெசவாளர் காலனி முக்கில் இருந்த பிளெக்ஸ் கடைக்குள் நாலு பேர் தூக்குப்போணியைத் திறந்தது திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள், பிசைந்த சோறு விரலிலேயே காய்ந்துபோயிற்று, ஒருவருக்கும் அதை வாயில் வைக்கத் தோன்றவில்லை.

அறுபது பாக நாடகத்தில் நாயகன் நாற்பத்தாறிலேயே போவான் என்று யார் கண்டது? பக்கத்து டீக்கடை அந்தோணி, இன்னும் பதினாலு பாகம் கிடக்கே, யாரை வைத்து ஓட்டுவான் என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தான். மாடியில் தையல் கடை வைத்திருந்த மைமூன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிளெக்ஸ் கடைக்காரர் கோமதிநாயகம், தலை ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமும் கிடந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும், இது கனவாகத்தான் இருக்கும், நாளைக்குப் பாருங்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவான் என்றார். நாலாவது ஆள் முப்பிடாதி. அவள் அந்தக் கடையில் கம்ப்யூட்டரில் பேனர் வடிவமைப்பவள். மற்ற மூன்று பேருக்கும் இந்தச் சீன நாடகப் பைத்தியத்தை ஒட்டவைத்தவளும் அவள்தான்.

சீனத்து ராஜா காலத்து நாடகங்களைப் பற்றி முப்பிடாதிக்குத் தெரிந்த அளவு அவற்றை எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்காது. தமிழில் குரல் கொடுத்து வந்த பதினாறு நாடகங்களை ஒன்று விடாமல் பார்த்தவள். கைக்குட்டையில் இருமி ரத்தம் பார்த்தவளுக்கு ஆயுசு இன்னும் மூன்று பாகம்தான் என்பாள், அப்படியே நடக்கும். இளைய ராணி கொண்டுவந்து கொடுக்கிற சூப்பை எந்தக் காலத்திலும் குடிக்கக் கூடாது என்பாள். சண்டை முடிந்து வந்து முற்றத்தில் மரம் நடலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போகிறவன் திரும்பி வரமாட்டான், மரமும் நட மாட்டான். இளவரசனாக இருக்கும்வரை தங்கமாக இருக்கிறவன் சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும் கெட்டுப்போவது எப்படி என்று மைமூன் ஒருமுறை கேட்டபோது, ஆளில் ஒன்றும் இல்லை, அந்த நாற்காலியில்தான் ஏதோ இருக்கிறது என்று சொன்னாள். இவ்வளவு சூதும் விஷமும் நிறைந்தவர்களை அவளுக்கு ஏன் பிடித்தது என்றால், அவர்கள் உறவுமுறை சொல்லாமல் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதே இல்லை, மூன்றாம் தங்கை, இரண்டாம் சித்தப்பா, நாலாம் அண்ணி என்று எல்லாருக்கும் ஒரு இடம் இருந்தது, கொல்வதற்குக்கூட முறை சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு அவள் கையைக் கழுவிவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தளபதி லோவுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் செய்தாள். துக்கம் வந்தால் அவள் கைக்குத் தெரிந்த வேலை அதுதான். நடுவில் கவசத்தோடு அவன் முகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே பறக்கும் புறா, தோற்றம், மறைவு எல்லாம் போட்டாள். கீழே வந்தபோது கை நின்றுவிட்டது. பேனர் தொழிலில் சண்டை வருகிற இடமே கீழ்ப்பகுதிதான். துயரில் வாடும் என்று போட்டு மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்தி என்று வரிசைக்கிரமமாகப் பெயர் வரவேண்டும், ஒரு மருமகன் பெயர் ஒரு வரி இறங்கிவிட்டால் பிணம் எடுக்கவிடாத வீடுகளெல்லாம் உண்டு. ஆனால் லோவின் குலத்தை நாற்பத்துநாலாம் பாகத்திலேயே சக்கரவர்த்தி பூண்டோடு ஒழித்துவிட்டார், அவனுக்காக வாட ஒருவரும் மிச்சமில்லை. கீழே பெயரில்லாத கண்ணீர் அஞ்சலியைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. உடன்பிறந்த சகோதரி முப்பிடாதி என்று அடித்தாள், தன் படத்தை வைத்தாள். நண்பர்கள் என்று மற்ற மூன்று பேரையும் போட்டாள். அவர்களும் மறுத்துச் சொல்லவில்லை.

அவளுக்கு அது ஏன் சகிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன் வீட்டுக்குப் பிடிக்காத ஒருவனைக் கட்டிக்கொண்டாள், அவனும் வளைகுடா போனவன் போனவன்தான். அண்ணன்மார் இரண்டு பேரும் அன்றைக்கே தலைமுழுகிவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் அப்பா செத்துப்போனதைக் கரிவலம்வந்தநல்லூர் விலக்கில் கட்டியிருந்த பேனரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி வெயிலில் நின்று பார்த்தாள். மனைவி ஆவுடையம்மாள், மகன்கள் வேல்ச்சாமி, கடற்கரை, மருமகள்கள், பேரப்பிள்ளைகள், அப்பா வளர்த்த ஜல்லிக்கட்டுக் காளையின் பெயர்கூட இருந்தது. அவள் பெயர் இல்லை. கண்டவன் பேரையெல்லாம் அடித்துக் கொடுத்த கைக்குச் சொந்த அப்பன் பேனரில் இடம் கிடைக்காதது அவளுக்குப் பொறுக்கவே இல்லை, இன்றைக்கும் பொறுக்கவில்லை.

பேனரை அன்று சாயங்காலம் முக்கில் கட்டினார்கள். மறுநாள் காலை ராஜபாளையத்திலிருந்து வந்த ஏழு பத்து பஸ்ஸில், தலை முதல் கால்வரை வெள்ளை உடுத்தின நாற்பது பேர் இறங்கி, பேனர் முன் மண்ணில் விழுந்து அழுதார்கள். பின்னாலேயே அவர்கள் குதிரைகள் நடந்து வந்தன. அவர்கள் தளபதி லோவின் படையில் மிஞ்சினவர்கள். அவர்கள் ஊரில் லோவுக்கு அழக்கூடாது என்று கட்டளை, அவன் பெயரை எழுதினாலும் சொன்னாலும் தலை போய்விடும், உலகத்திலேயே அவன் செத்ததற்காகப் பெயர் போட்டு எழுதிவைத்திருந்த ஒரே இடம் சங்கரன்கோவில் நெசவாளர் காலனி முக்குதான் என்பதால் அங்கே வந்தார்கள்.

சாவுத் துட்டிக்கு வந்தவர்களை வாங்க என்று சொல்லாமல் விடுகிற ஊர் இல்லை அது. பந்தல்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கினார். கூப்பிடாமலே வந்த ஒப்பாரிப் பெண்கள், ஆள் யார் என்று கேட்காமல், கப்பலேறிப் போன ராசா என்று எடுத்துவிட்டார்கள். தறிகளை நிறுத்திவிட்டுக் காலனிக்காரர்கள் முறைப்படி பேச வந்தார்கள், வந்தவர்கள் பங்காளி வகையா மாமன் மச்சான் வகையா, கோடித்துணி யார் போடுவது என்று முக்கால் மணி நேரம் வாதம் நடந்தது. குதிரைகளைக் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கட்டினார்கள், சாணியை யார் அள்ளுவது என்பது ஒன்றைத்தான் சுகாதார மேஸ்திரி கேட்டார். போக்குவரத்துக் காவலர் பஸ்ஸையெல்லாம் தேரடி வழியாகத் திருப்பிவிட்டார். அந்தோணி டீயில் சீனி போட்டதற்கு நாற்பது பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, மரியாதைக்காகக் குடித்தார்கள். அவர்கள் தமிழிலேயே பேசினார்கள், ஆனால் வாய் ஒரு மாதிரி அசையும், சொல் வேறு மாதிரி வரும், உதடு மூடின பிறகும் பேச்சு கொஞ்சம் மிச்சமிருக்கும். இரண்டு நாளில் அது எல்லாருக்கும் பழகிவிட்டது.

அதிர்ந்துபோனது முப்பிடாதி ஒருத்திதான். நாற்பது பேரும் வரிசையில் வந்து, அவள் இரண்டு கையையும் தொட்டு, குனிந்து, தங்கச்சி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதினோரு வருஷமாக ஒரு மனிதன் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. பன்னிரண்டாவது ஆளுக்குமேல் மைமூன் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அதே பஸ்ஸில் வெள்ளைச் சாமரம் பிடித்த கிழவர் வந்து இறங்கினார். மஞ்சள் பட்டுச் சுருளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எல்லா நாடகத்திலும் வருகிற அந்த அரண்மனைச் சேவகர்தான், இவர்கள் அவருக்குச் சாமரக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். மஞ்சள் பட்டு வந்தால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் சாவு, கல்யாணமாக இருந்தால் பின்னாடி மேளம் வந்திருக்கும் என்று முப்பிடாதி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், மேளம் இல்லை. பட்டைக் கண்டதும் அந்தோணி ஆற்றின டீயோடு முழங்கால் போட்டான், பார்த்துப் பார்த்துப் பழகின கால், தானாக மடங்கியது.

அவர் வாசித்தது இவ்வளவுதான். தளபதி லோ குலத்தின் ஒன்பது உறவும், தகப்பன் வழி நாலு, தாய் வழி மூன்று, கட்டினவள் வழி இரண்டு, வேரோடு பிடுங்கப்பட வேண்டும். பிடுங்கியாகிவிட்டது என்று சக்கரவர்த்திக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் இதோ ஒரு சகோதரி இருக்கிறாள், அவளே எழுதி, படமும் போட்டு, தெரு முக்கில் கட்டியிருக்கிறாள். சனிக்கிழமை உச்சிப்பொழுதுக்குத் தண்டனை. நண்பர்கள் என்று இருக்கிறவர்கள் வேண்டுமானால் அவர் கொண்டுவந்திருந்த அரண்மனை முத்திரைக் கல்லில் கை வைத்து, லோ எனக்கு யாருமில்லை என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்.

அந்தோணிதான் முதலில் சொன்னான். சொல்லிவிட்டுக் கடைக்குப் போனவன், கால் மணி நேரம் கழித்து வந்து பேனரை அண்ணாந்து பார்த்து, யாரு இது அக்கா, சினிமா நடிகரா, என்று கேட்டான். முப்பிடாதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. விளையாட்டு இல்லை, நாற்பத்தாறு பாகமும் அவன் மண்டையிலிருந்து துடைத்ததுபோல் போயிருந்தது. அந்தக் கல்லில் கை வைத்து யாருமில்லை என்று சொன்னால் அந்த ஆள் நமக்கு உண்மையாகவே யாருமில்லாமல் போய்விடுவார் என்று அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மைமூன் மாட்டேன் என்று நின்றாள், முப்பிடாதிதான், மூணு பொம்பளப் புள்ளைகள வச்சிருக்க, போய்ச் சொல்லு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சொல்லி முடித்ததும் மைமூன், நான் ஏன் அழுதுகிட்டு இருக்கேன் என்று அவளையே கேட்டாள்.

முப்பிடாதியையும் சாமரக்காரர் கேட்டார். எழுதினது பிழை என்று சொல், கையை வை, வீட்டுக்குப் போ என்றார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நாடகத்துப் பெண்கள் மாதிரி வீரம் எல்லாம் அவளிடம் இல்லை. ஆனால் ஒருவன் செத்த பிறகு அவன் பேருக்குக் கீழே இருந்து தன் பெயரைத் தானே எடுப்பது என்பது அவளால் ஆகாத காரியம். அது எப்படி வலிக்கும் என்று வாங்கினவளுக்குத்தான் தெரியும்.

அவள் மறந்துபோனது ஒன்று உண்டு. பதினாறு நாடகம் பார்த்தவளுக்கு அது தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். அவள் லோவின் சகோதரி என்றால், அவளைப் பெற்றவள் லோவுக்கும் தாய், அவள் அண்ணன்மார் லோவுக்கும் அண்ணன்மார். சாமரக்காரர் கணக்காக விசாரித்து, சனிக்கிழமை உச்சிக்கு அவர்களும் வந்து நிற்க வேண்டும் என்று கரிவலம்வந்தநல்லூருக்குக் குதிரையில் ஆள் அனுப்பிவிட்டார். அதைக் கேட்டதும் முப்பிடாதி, கல்லில் கை வைத்துவிடலாம் என்றே ஓடினாள், உனக்குக் கொடுத்த கெடு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வேல்ச்சாமியும் கடற்கரையும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஆட்டோவின் மேலே கயிறு போட்டுக் கட்டியிருந்த சுருளை அவிழ்த்து, இரண்டு பேரும் இரண்டு முனையைப் பிடித்து, சாமரக்காரர் முன் விரித்தார்கள். அப்பாவின் கண்ணீர் அஞ்சலி பேனர். இத்தனை வருஷமாக ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகக் கிடந்ததை இறக்கி, கழுவி, கொண்டுவந்திருந்தார்கள். அப்பா முகத்தில் பாதி வெளுத்துப்போயிருந்தது, ஆனால் கீழே பெயர்கள் அத்தனையும் தெளிவாக இருந்தன.

“நல்லாப் பாருங்க ஐயா,” என்றான் வேல்ச்சாமி, “எங்கய்யா செத்தப்ப அடிச்சது. இதுல இவ பேரு இருக்கான்னு பாருங்க. இவ எங்களுக்கு யாருமில்ல, அப்பமே இல்ல.”

முப்பிடாதி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பதினோரு வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் பெயர் இல்லாத பேனரைக் கழுவி எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை, எந்த ராஜா காலத்து நாடகத்திலும் இப்படி ஒரு காட்சி வந்ததில்லை. அழுகை வரவில்லை.

சாமரக்காரர் குனிந்து விரலை ஒவ்வொரு பெயராக நகர்த்திப் படித்தார். எழுத்தில் இருப்பதை மட்டுமே நம்பி மூன்று சக்கரவர்த்திகளிடம் வேலை பார்த்தவர். சரிதான் என்று நிமிர்ந்தபோது ஆட்டோவின் பின்சீட்டிலிருந்து ஒரு வயசான பெண் மெதுவாக இறங்கினாள். மனைவி என்று பேனரில் முதல் பெயராக இருந்த ஆவுடையம்மாள். மகன்கள் வேண்டாம் என்று சொல்லியும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டவள். வழி நெடுக ஆட்டோக்காரன், முத்திரைக் கல்லின் கதையை, கை வைத்தவர்கள் எல்லாம் மறந்துபோன கதையை, ஒன்று விடாமல் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்திருந்தான்.

“தாயே,” என்றார் சாமரக்காரர், “இந்தப் பெண் உன் மகளா?”

ஆமாம் என்றால் நாலு தலை. இல்லை என்றால் ஒன்று. நாற்பது வீரர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முப்பிடாதி முந்திக்கொண்டு, இந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை என்று கத்தினாள், ஆனால் அவள் கை கல்லில் இல்லை, அதனால் அது சொல்லாகச் சேரவில்லை.

ஆவுடையம்மாள் நடந்து வந்து கல்லின்மேல் உள்ளங்கையைப் பதித்தாள்.

“இவ நான் பெத்த மக,” என்றாள். அப்புறம் மகன்கள் பக்கம் திரும்பினாள். அந்தத் திரும்பலில் ஒரு நிமிஷம் போல நின்று, பெரியவனை நெற்றியிலிருந்து பாதம்வரைக்கும், பிறகு சின்னவனை அதேபோல, ஆசை தீரப் பார்த்தாள். “இவுக ரெண்டு பேரும் எனக்கு யாருமில்ல.”

கடற்கரை, யம்மா என்றான். அவன் கையிலிருந்து பேனரின் முனை நழுவியது.

சாமரக்காரர் குழம்பிப்போனார். கீழே கிடந்த பேனரைக் காட்டி, இதில் இரண்டு மகன்கள் என்று இருக்கிறது, மகள் என்று ஒருத்தி இல்லவே இல்லை, எழுத்து இப்படி இருக்க நீ வேறு சொல்கிறாயே என்றார்.

“பெத்த மக பேரையே விட்டுட்டு அடிச்ச பேனரு அது,” என்றாள் ஆவுடையம்மாள். “மிச்சத்த மட்டும் சரியாவா போட்டிருப்பாக?”

அப்போது சாமரக்காரரின் உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. நாற்பத்தாறு பாகத்தில் அவருக்கு அப்படி ஆனதே இல்லை. கீழே கிடந்த பேனரைப் பார்த்தார், முக்கில் கட்டியிருந்த லோவின் பேனரை அண்ணாந்து பார்த்தார், மறுபடி இதைப் பார்த்தார். கூடப் பிறந்தவளை விட்டுவிட்டு அடிப்பதும், கூடப் பிறக்காதவளைச் சேர்த்து அடிப்பதும் இந்த ஊரில் வழக்கம்போல என்று அவருக்குப் பட்டது. இந்த ஊரில் எழுத்தை நம்பித் தலை எடுக்க முடியாது என்று சொல்லி, மஞ்சள் பட்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, வந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். வீரர்கள் நாற்பது பேரும் முப்பிடாதிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குதிரைகளை அவிழ்க்கப் போனார்கள். பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்.

உச்சிப்பொழுது தாண்டியதும்தான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. முப்பிடாதி அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து அழுதுகொண்டிருந்தாள். வேல்ச்சாமி பேனரை அப்படியே ரோட்டில் போட்டுவிட்டு வந்து, “யம்மா, எந்திரி, ஆட்டோ நிக்கி, வீட்டுக்குப் போவோம்,” என்றான்.

ஆவுடையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை, கோபம் இருந்திருந்தால் அவர்கள் காலில் விழுந்து சமாளித்திருப்பார்கள்.

“யாருய்யா நீங்க? துட்டிக்கு வந்தியளா?” என்றாள். “வெயில்ல நிக்காதிய, இப்படி வந்து உக்காருங்க.”

கடற்கரை அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். வேல்ச்சாமி மறுபடியும் யம்மா என்றான், தன் பெயரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், அப்பா பெயரைச் சொன்னான். அப்பா பெயருக்கு அவள் தலையாட்டினாள், அவன் பெயருக்கு ஆட்டவில்லை. பிறகு அவனுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. உலகத்திலேயே அவன் யார் என்று அவளுக்குச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான் மிச்சமிருந்தாள். “முப்பிடாதி,” என்றான், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, “நீ சொல்லுளா. நாங்க யாருன்னு சொல்லு.”

அண்ணன்மார் கெஞ்சுகிற நாள் இனிக்கும் என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். வஞ்சம் தீர்க்கிற நாளில் நாடகத்துப் பெண்கள் நிதானமாகத் தேநீர் ஊற்றிக் குடிப்பார்கள். பெற்ற பிள்ளை முன்னால் நின்று தன் பெயரைச் சொல்லிக் கெஞ்ச, பெற்றவள் அந்நியரைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறதைக் அவளால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

“எங்கண்ணன்மாரும்மா,” என்றாள். “பெரியண்ணன். சின்னண்ணன்.”

ஆவுடையம்மாள் இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்து, வந்தவர்களுக்குச் செய்கிறதுபோல் கையைக் குவித்து ஒரு வணக்கம் வைத்தாள். பிறகு மகளின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டபடி கேட்டாள்:

“ஒனக்கு அண்ணன்மாரெல்லாம் இருக்காகளா தாயி? இத்தன வருசமா எங்க இருந்தாக?”